மரமும் மெருகும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சாய்வு மேசை உண்டு. என் பாட்டனார் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து கணக்கெழுதிய மேசை அது. பர்மாத் தேக்கினால் ஆனது. நான் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு என் கையாலேயே மெருகிட்டு, பாட்டனாரின் நினைவு நாளன்று வீட்டாரை வியக்க வைக்கவேண்டும் என்று ஆசை கொண்டேன். அது ஐப்பசி மாதம்; மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கடைத்தெருவிலிருந்து ஆளிவிதை எண்ணெயும், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கும் வாங்கி வந்தேன். உப்புத்தாளால் மேசையை வேகவேகமாகத் தேய்த்து, எண்ணெய் தடவித் துடைத்து, அந்த மாலையிலேயே தூரிகையால் மூன்று பூச்சுகளை அடுத்தடுத்துப் பூசி முடித்தேன். மறுநாள் காலையில் எழுந்து பார்க்கும்போது, மேசை முழுவதும் மோரைத் தெளித்தாற்போல வெளுத்துக் கிடந்தது. அந்த வெண்மைக்கு ஊடே, நான் உப்புத்தாளைக் குறுக்காக இழுத்த கீறல்கள் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் என்னும்படி தெரிந்தன. பாட்டியார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. உள்ளே சென்று ஒரு துண்டை எடுத்து வந்து, மேசையின்மேல் விரித்து மூடிவிட்டுப் போனார்.

பக்கத்துத் தெருவில் மெருகு வேலையையே தொழிலாகக் கொண்ட முதிய ஆசாரியார் ஒருவர் இருந்தார். அவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் மேசையைத் தொடுவதற்கு முன் சன்னலைத் திறந்தார். தரையில் குந்தி, வெளிச்சம் வரும் திசையை நோக்கியவாறு பரப்பை ஒரு முறை கண்ணோட்டமிட்டார். பிறகு, "தம்பி, இதில் கைவைப்பதற்கு முன்னால் வேறு பலகையில் பூசிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "இல்லை, ஐயா" என்றேன். "அரக்கு என்றைக்குக் கரைத்தது?" என்றார். கடைக்காரரே கரைத்துக் கொடுத்தார் என்றேன். "அவர் என்றைக்குக் கரைத்தாராம்?" என்று மீண்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. "சரி, எண்ணெய் துடைத்த துணியை எங்கே போட்டீர்கள்?" என்பது அவருடைய மூன்றாவது கேள்வி. அதைச் சுருட்டிச் சமையலறைக்குப் பக்கத்தில், விறகு அடுக்கியிருந்த மூலையில் எறிந்திருந்தேன். அவர் சட்டென்று எழுந்து, முதலில் அந்தத் துணியைத் தேடி எடுத்து வந்து, முற்றத்தில் விரித்துப் போட்டார். மேசையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அடுத்த கோடை விடுமுறை முழுவதையும் அவருடைய பட்டறையில் கழித்தேன். அங்கே கண்டவற்றையும், பின்னர் நூல்களிலிருந்து அறிந்துகொண்டவற்றையும் சேர்த்து, மெருகுத் தொழிலைக் கற்கத் தொடங்கும் மாணவர்கள் பழகிக்கொள்ள வேண்டிய சிலவற்றை இங்கே சொல்ல விழைகிறேன்.

மரத்துக்கு மெருகு எதற்கு? அழகுக்காக என்று நாம் எண்ணுகிறோம், அது உண்மையே. ஆயினும் வேறொரு காரணமும் உண்டு. வெட்டிப் பலகையாக்கிய பின்னும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், கோடையில் தளர்ந்துவிடுவதும் இதனால்தான். இந்த மாறுதல் மரத்தின் நீளவாட்டில் மிகச் சொற்பம், அகலவாட்டிலேயே மிகுதி. மெருகு இந்தப் போக்குவரவை அடியோடு தடுப்பதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே மேசையின் மேற்புறத்துக்கு மட்டும் மெருகிட்டு அடிப்புறத்தை வெறுமனே விட்டுவிட்டால், ஒரு பக்கம் விரைவாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஈரம் வாங்கும். பலகை தட்டுப்போல் வளையத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்துக்கும் ஒரு பூச்சுக் கொடுக்கும் பழக்கத்தை ஆசாரியார் தம் பட்டறைச் சிறுவர்களிடம் விடாப்பிடியாக வற்புறுத்துவார். சிறுவர்களோ அதை வீண்வேலை என்றே நினைத்தார்கள். நானும் அவ்வாறுதான் நினைத்தேன்.

மெருகுப் பொருள்கள் பல இருப்பினும், கற்போருக்கு அரக்கே சிறந்தது என்பது என் கருத்து. அது விரைவில் உலர்கிறது. தவறு நேர்ந்தால் ஸ்பிரிட்டைக் கொண்டு திரும்பவும் கரைத்துத் திருத்திக்கொள்ளலாம். அரக்கு ஒரு சிறு பூச்சியின் படைப்பு. புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகின்றன. தம்மைச் சுற்றிலும் பிசினைச் சுரந்து கூடாக மூடிக்கொள்கின்றன. கிளையோடு அந்தக் கூட்டை வெட்டிச் சுரண்டி, கழுவிச் சிவப்புச் சாயத்தை நீக்கி, துணிப்பையிலிட்டு நெருப்பருகே உருக்கிப் பிழிந்து, இளஞ்சூட்டிலேயே மெல்லிய தகடாக இழுத்து, ஆறியபின் உடைத்தால் நாம் கடையில் வாங்கும் அரக்குச் சில்லுகள் கிடைக்கின்றன. சோட்டா நாகபுரிக் காடுகளில் இத்தொழில் மிகுதி. 1924ஆம் ஆண்டில் ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னும் ஊரில் இதற்கெனவே ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. கிராமபோன் இசைத்தட்டுகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலும் அரக்கைக் கொண்டே செய்யப்பட்டன என்பது இன்றைய மாணவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். பாண்டவர்களுக்காகத் துரியோதனன் கட்டுவித்தது அரக்கு மாளிகை என்பதை மட்டும் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அவன் ஏன் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தான் என்பதை மெருகுப் பட்டறையில் இருப்பவர்கள் அவ்வப்போது எண்ணிப் பார்ப்பது நல்லது.

மெருகு வேலை எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், அரக்குச் சீசாவைத் திறக்கும்போது என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் அது தச்சு வேலையோடு சேர்ந்தே தொடங்கிவிடுகிறது. பொருத்துகளில் வச்சிரமோ இக்காலத்து வெள்ளைப் பசையோ பிதுங்கி வந்தால், அதை அப்போதே எடுத்துவிட வேண்டும். உலர்ந்த பசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் மரத்தின் துளைகள் அடைபட்டிருப்பதால் சாயமும் எண்ணெயும் உள்ளே இறங்கமாட்டா. மெருகிட்ட பின் அங்கே தேமல்போல் ஒரு வெளிறிய திட்டு விழும். இதை முன்கூட்டியே கண்டுகொள்வதற்கு எளிய வழி ஒன்றுண்டு. மெருகிடுமுன் மரம் முழுவதையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும் அந்தச் சில நொடிகளில், மெருகு ஏறியபின் மரம் எப்படித் தோன்றுமோ அதே தோற்றம் தெரியும். பசைத் திட்டுகள், கீறல்கள், இழைப்புளியின் தடங்கள் எல்லாம் அப்போது தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, ஸ்பிரிட்டு ஆவியானதும் திருத்திவிடலாம்.

உப்புத்தாளைப் பற்றி ஒரு சொல். தாளின் பின்புறத்தில் 80, 120, 180, 220 என்று எண்கள் இருக்கும். எண் ஏற ஏறத் துகள் நுண்ணியதாகும். ஒவ்வொரு தாளின் வேலையும் அதற்கு முந்திய தாள் விட்டுச்சென்ற கீறல்களை எடுப்பதேயன்றி வேறன்று. 80இலிருந்து 220க்குத் தாவினால், 80 இட்ட பள்ளங்களை 220 எட்டமுடியாது. அது மேட்டை மட்டும் பளபளப்பாக்கும். வெறும் மரத்தில் அது தெரியாது. அரக்கு ஏறியதும் தெரியும். எப்போதும் ரேகையின் வாட்டத்திலேயே தேய்க்கவேண்டும். குறுக்கே ஓடும் கீறல் நார்களை அறுப்பதால் கண்ணைக் குத்தும். கடைசித் தாளுக்கு முன் ஈரத் துணியால் ஒற்றி, மரத்தை நன்றாக உலரவிட்டால், அமுங்கிக் கிடந்த நார்கள் மயிர்க்கூச்செறிந்தாற்போல் எழுந்து நிற்கும். பிறகு நுண்தாளால் மெல்லத் தேய்த்தால் அவை போய்விடும். மறுபடி எழுவது குறைவு.

வெளிச்சத்துக்கும் இந்தத் தொழிலில் பெரும் பங்குண்டு. தலைக்கு மேலே தொங்கும் விளக்கு குறைகளை மறைக்கும். வேலைக்கு அப்பால், பரப்பின் மட்டத்துக்குச் சற்று மேலே விளக்கை வைத்து, அதற்கு எதிரே நின்று பார்த்தால், ஒவ்வொரு மேடுக்கும் ஒரு நிழல் விழும். ஆசாரியார் விளக்கை வாங்குவதற்குப் பதிலாகக் கிழக்குச் சன்னலை ஒட்டியே தம் மேடையை அமைத்திருந்தார். காலை ஏழு மணிக்குமேல் எட்டரை வரைதான் நுட்பமான வேலை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் கருவிகளைத் தீட்டவும் அரக்கை வடிகட்டவும் போய்விடுவார்.

இனி, அவருடைய முதல் கேள்விக்கு வருவோம். புதிய சாயத்தையோ புதிய பூச்சையோ முதன்முதலாக வேலையின்மீதே பூசிப் பார்ப்பது பரீட்சை எழுதிக்கொண்டே பாடம் படிப்பதைப் போன்றது. அதே மரத்தின் துண்டு ஒன்றை, அதே தாள்களால் தேய்த்து, அதில்தான் முதலில் பூசவேண்டும். இங்கே 'அதே மரம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். தேக்கு தன்னுள் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உடையது. எண்ணெய் கலந்த வார்னிஷ்கள் அதன்மேல் உலரத் தயங்கும். ஈட்டி மரத்தின் செஞ்சாயமோ ஸ்பிரிட்டில் கரையும். பக்கத்தில் பதித்திருக்கும் வெளிறிய மரத்தில் அந்தச் சாயம் ஏறிவிட்டால் பிறகு எடுப்பது கடினம். பலா மரத்தில் சோதித்த ஒன்றை வேம்பில் நம்பமுடியாது. ஒரே மரத்திலும் வைரப் பகுதியும் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியும் சாயத்தை ஒரேவிதமாகக் குடிப்பதில்லை.

பட்டறைச் சுவரில் சாண் நீளப் பலகைகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றும் நான்கு கட்டங்களாகக் கோடிடப்பட்டிருக்கும். முதற்கட்டம் வெறும் மரம். அடுத்தது ஒரு பூச்சு, அதற்கடுத்தது மூன்று, கடைசியில் முழு மெருகு. பலகையின் பின்புறத்தில் பென்சிலால் எந்த மரம், எந்தத் தாளில் நிறுத்தியது, அரக்கு எவ்வளவு, ஸ்பிரிட்டு எவ்வளவு, எத்தனை நாழிகை இடைவெளி, எந்த மாதம் என்று எழுதியிருக்கும். ஆசாரியாருக்குப் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஆயினும் நான் பிற்காலத்தில் கண்ட ஆய்வுக்கூடக் குறிப்பேடுகள் பலவற்றிலும் அந்தப் பலகைகளின் ஒழுங்கு இல்லை. யாராவது வந்து, "இன்ன வீட்டுக் கட்டிலைப் போல நிறம் வேண்டும்" என்றால், அவர் நினைவைத் துழாவமாட்டார். பலகையைக் கழற்றிக் காட்டுவார்.

இரகசியக் கலவை ஏதேனும் கிடைத்துவிட்டால் இத்தனை சோதனை வேண்டாமே என்று சிலருக்குத் தோன்றும். இத்தாலியில் கிரெமோனா நகரத்தில் வாழ்ந்து 1737இல் மறைந்த ஸ்ட்ராடிவாரியின் வயலின்களைப் பற்றி அத்தகைய கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. அவருடைய வார்னிஷில் எவருமறியாத பொருள் ஏதோ கலந்திருந்தது என்றார்கள். பாரிஸ் இசை அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய ஐந்து கருவிகளின் மேற்பூச்சை விஞ்ஞானிகள் நுணுக்கமாக ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மரத்துக்குள் இறங்கியிருந்தது உலரும் எண்ணெய். அதன்மேல் எண்ணெயும் பைன் மரப் பிசினும் சேர்ந்த பூச்சு. சிலவற்றில் செந்நிறத்துக்காக இரும்புக் காவியும் பூச்சிச் சாயமும். அக்காலத்து ஓவியர் கடைகளில் எவரும் வாங்கக்கூடிய பொருள்கள்தாம் எல்லாம்.

இரண்டாவது கேள்வி, அரக்கு கரைத்த நாள். உலர்ந்த சில்லுகளைக் குளிர்ந்த, வெளிச்சமற்ற இடத்தில் நெடுநாள் வைத்திருக்கலாம். ஸ்பிரிட்டில் கரைத்தபின் நிலைமை வேறு. அரக்கிலுள்ள அமிலங்கள் ஆல்கஹாலுடன் மெல்ல மெல்ல வினைபுரிகின்றன. மாதங்கள் செல்லச் செல்லக் கரைசல் உலரும் திறனை இழக்கிறது. பார்வைக்கு எந்த மாறுதலும் இராது. பூசிய பிறகுதான் விரலில் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பு நாட்கணக்கில் போகாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கரைசலைச் சந்தேகத்தோடு பார்ப்பது பொது வழக்கம். நம் ஊர் வெப்பத்தில் இன்னும் முன்னதாகவே சந்தேகப்படலாம். ஆகவே தேவைக்கு வேண்டிய அளவே கரையுங்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் சில்லுகள் என்பது தூரிகைக்கு ஏற்ற பதம். பஞ்சுப் பொதிக்கு அதைவிட நீர்க்க வேண்டும். சீசாவின்மேல் நாளை எழுதி ஒட்டுங்கள். எழுதாத சீசாவைக் கண்டால், ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லின்மேல் விட்டு மறுநாள் நகத்தால் கீறிப் பாருங்கள். கண்ணாடிபோல் உடைந்து பொடியானால் நல்லது, நகம் பதிந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். இரும்பு டப்பாவில் மட்டும் அரக்குக் கரைசலை வைக்கலாகாது. இரும்போடு சேர்ந்து அது கறுத்துப்போகும்.

மேசை வெளுத்ததற்குக் காரணம் மழை. ஸ்பிரிட்டு ஆவியாகும்போது பரப்பிலுள்ள வெப்பத்தையும் தன்னோடு எடுத்துச் செல்கிறது. கையில் ஸ்பிரிட்டைத் தடவினால் சில்லென்று இருப்பதை அறிவீர்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில், அவ்வாறு குளிர்ந்த பரப்பின்மேல் நீர் நுண்துளிகளாகப் படிந்து, இறுகிக்கொண்டிருக்கும் அரக்குக்குள் சிக்கிவிடுகிறது. அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் பரப்பு பால்போல் தோன்றுகிறது. பூச்சின் கனம் மிகுந்தாலும், முதற்பூச்சு உலருமுன் அடுத்ததை ஏற்றினாலும் இக்கேடு அதிகமாகும். நானோ மூன்றையும் செய்திருந்தேன். மெருகு வேலைக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதில் தவறில்லை. தை முதல் வைகாசி வரை தாராளமாகச் செய்யலாம். அடைமழை நாளில் உளியைத் தீட்டிக்கொண்டிருப்பதே உத்தமம்.

பஞ்சுப் பொதியால் அரக்கு ஏற்றும் முறையைப் பிரெஞ்சு மெருகு என்பார்கள். பஞ்சை உருட்டி, பலமுறை துவைத்து மென்மையான வெள்ளைத்துணியில் சுருக்கமின்றிக் கட்டி, உள்ளே அரக்கை ஊட்டி, ஒரு தாளில் அழுத்தி மிகுதியைப் போக்கியபின் மரத்தில் ஓட்டவேண்டும். ஒவ்வொரு பூச்சும் முந்திய பூச்சைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுகிறது. ஆகையால் மரத்தின்மேல் பொதியைக் கணநேரமும் நிறுத்தலாகாது. நின்றால் அது ஒட்டிக்கொண்டு, அடியிலுள்ள பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும். பறவை தாழப் பறந்து நீரைத் தொட்டு எழுவதுபோல் ஓரத்தில் இறங்கி மறு ஓரத்தில் எழவேண்டும். முதலில் வட்டமாகவும், பின் எட்டு வடிவமாகவும், முடிவில் ரேகையோடு நேராகவும் ஓட்டுவார்கள். பொதி வழுக்கிச் செல்ல ஒரு துளி எண்ணெய் போதும். கடைசியில் அந்த எண்ணெயையும் ஸ்பிரிட்டு தோய்ந்த பொதியால் எடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் பொதியை இறுக மூடிய கண்ணாடிச் சாடியில் வைத்தால் மறுநாளும் மென்மையாக இருக்கும். இதை எத்தனை சொன்னாலும் கைக்குப் புரிய நாளாகும். எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று.

மூன்றாவது கேள்வியே முதன்மையானது. அதை வேண்டுமென்றே பின்னால் வைத்தேன். ஸ்பிரிட்டும் எண்ணெயும் 'உலர்கின்றன' என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். இரண்டும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஸ்பிரிட்டு ஆவியாகி வெளியேறுகிறது. ஆளிவிதை எண்ணெயோ எங்கும் போவதில்லை. காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கி, அதனோடு கூடி, கெட்டியாகிறது. அவ்வாறு கூடும்போது வெப்பம் பிறக்கிறது. மரத்தின்மேல் மெல்லிய பூச்சாக இருக்கையில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், மடிப்புகளுக்குள் காற்று நுழையுமளவு இடம் இருக்கும். வெப்பம் வெளியேற வழி இராது. வெப்பம் ஏற ஏற வினை விரைவுபடும். வினை விரைவுபட வெப்பம் மேலும் ஏறும். சில மணி நேரம் சென்றபின், நெருப்புக்குச்சியோ பொறியோ எதுவும் இன்றி, துணி தானாகவே பற்றிக்கொள்ளும். பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் உறங்கச் சென்றபிறகே பெரும்பாலும் இது நேரும்.

இதைக் கேட்பவர்கள் மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ணுவார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஒன் மெரிடியன் பிளாசா என்று 38 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், சனிக்கிழமை இரவு, அதன் 22ஆம் மாடியில் தீ எழுந்தது. அங்கே மரச்சுவர்ப் பலகைகளுக்கு மெருகிட்ட தொழிலாளர்கள் விட்டுச்சென்ற, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளே அதற்குக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. தீ 18 மணி நேரத்துக்கு மேலாக எரிந்தது. எட்டு மாடிகள் கருகின. தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் அமைந்திருந்த 30ஆம் மாடியை எட்டியபோதுதான் அது தணிந்தது. தீயணைப்புப் படையினர் மூவர் உயிரிழந்தனர். கட்டடமும் மறுபடி பயன்படாமலே சில ஆண்டுகளுக்குப்பின் இடிக்கப்பட்டது.

செய்ய வேண்டியதோ அரை நிமிட வேலை. எண்ணெய்த் துணியை ஒற்றை மடியாக விரித்து வெளியில் கொடியில் போடுங்கள். அட்டைபோல் விறைத்துப்போனபின் அதனால் ஆபத்தில்லை. கொடிக்கு இடமில்லையானால், மூடியுள்ள உலோக டப்பாவில் நீரூற்றி அதில் அமிழ்த்துங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிப்பதும், மரத்தூள் கூடையில் போடுவதும் கூடவே கூடாது. எங்கள் பட்டறையில் சாயங்காலம் விளக்கை அணைக்குமுன் ஒருவன் உரக்கத் துணிகளை எண்ணுவான். காலையில் எடுத்துக் கொடுத்தது ஆறு என்றால் கொடியில் ஆறு இருக்கவேண்டும். ஐந்து இருந்த ஓர் இரவில், ஆறாவது துணி அகப்படும்வரை எங்களில் ஒருவரையும் ஆசாரியார் வீட்டுக்கு அனுப்பவில்லை. அது ஒரு சிறுவனின் இடுப்பிலேயே செருகியிருந்தது.

ஸ்பிரிட்டுக்கு வேறு விதமான எச்சரிக்கை வேண்டும். ஆல்கஹாலின் ஆவி ஏறக்குறைய 13 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலேயே தீப்பற்றும் அளவுக்கு எழுகிறது. நம் நாட்டின் பெரும்பாலான இடங்களில் ஆண்டின் பெரும்பகுதியும் வெப்பம் அதற்கு மேல்தான். ஆகவே திறந்த சீசாவுக்கு அருகே அடுப்போ பீடியோ இருக்கலாகாது. மெருகுக்குரிய ஸ்பிரிட்டில் பெரும்பாலும் மெதில் ஆல்கஹால் என்னும் நஞ்சு கலந்திருக்கும். அது வயிற்றில் சென்றால் சிறிதளவே கண்ணொளியைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். சோடாச் சீசாவிலும் தண்ணீர்ச் சீசாவிலும் அதை ஊற்றிவைக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. இதைவிடக் கொடிய சோம்பல் வேறில்லை.

மரத்தூளையும் இலேசாக எண்ணிவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நெடுங்காலம் அதைச் சுவாசிப்போருக்கு மூக்கினுள் புற்று வருவதுண்டு. தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் நன்கு மூடும் முகக்கவசம் அணிவதும், தூளைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் எடுப்பதும் நலம். இதனால் மெருகுக்கும் ஆதாயம் உண்டு. தேய்த்த அறையிலேயே உடனே பூசினால் பறந்த தூளெல்லாம் ஈரப்பூச்சின்மேல் வந்து அமரும். முதல் நாள் மாலையில் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்து, மறுநாள் காலையில் அடிமேல் அடிவைத்து நுழைந்து பூசுவதே எங்கள் வழக்கம்.

மேசை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த ஐப்பசியில் ஆசாரியார் அதைத் தொடவில்லை. தை பிறந்து நல்ல வெயில் கண்ட ஒரு காலையில், ஸ்பிரிட்டு சற்றே நனைந்த பொதியை மேசையின்மேல் நாலைந்து முறை ஓட்டினார். அரக்கு இளகி, சிக்கியிருந்த ஈரத்தை விட்டுவிட்டது. வெண்மை மறைந்து, தேக்கின் பொன்னிறம் தெரிந்தது. பிறகு தாளும் பொதியும் என் கைக்கு வந்தன. குறுக்குக் கீறல்களில் பெரும்பாலானவற்றை அந்தக் கோடையில் நானே எடுத்தேன். இரண்டு மட்டும் எஞ்சின. அவற்றையும் எடுக்கவேண்டுமானால் இன்னும் ஆழமாக இழைத்தாக வேண்டும். பாட்டனாரின் மைக்கூடு கவிழ்ந்து ஊறிய கறை அவற்றுக்கு ஒட்டினாற்போல் இருந்தது, அதுவும் சேர்ந்து போய்விடும். பாட்டியாரைக் கேட்டு வரச்சொன்னார் ஆசாரியார். கீறல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பாட்டியார் சொல்லிவிட்டார்.